சிலந்தியையும் எண்ணிப் பார்

கார்த்திகை கடைசியில் ஒரு காலை. இரண்டு நாள் விடாமல் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. பக்கத்துத் தெருப் பையன் வாசலில் வந்து நின்றான். ஒரு கையில் பாலித்தீன் பைக்குள் வேரோடு பிடுங்கிய நெற்குத்து. மறு கையில் மருந்துக் கடையில் எழுதிக் கொடுத்த சீட்டு.

"பெரியப்பா, வயல்ல வட்டம் வட்டமா மஞ்சளாகுது. கடையில காட்டினேன். ரெண்டு மருந்தைக் கலந்து இன்னிக்கே அடின்னு சொல்றாங்க. அடிச்சுடட்டுமா?"

அப்பா காலமான பிறகு சென்னை வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்தவன். மூன்று ஏக்கரையும் தானே பார்க்கிறான். இது அவனுக்கு இரண்டாவது சம்பா. முகத்தில் தூக்கம் இல்லை.

"உட்காரு தம்பி. டீ குடிச்சுட்டு வயலுக்குப் போவோம். அதுக்குள்ள ஒண்ணும் குடி முழுகிடாது."

வேளாண் துறையில் வேலை பார்த்த காலத்தில் இப்படிச் சீட்டோடு வந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலருக்கு நான் நிதானமாகப் பதில் சொன்னதில்லை. இந்தப் பையனுக்காவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அன்று அவனிடம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குத்தை வாங்கி, ஒரு வெள்ளைத் தட்டின் மேல் பிடித்து அடித்தண்டில் நான்கு தட்டுத் தட்டினேன். தட்டில் பழுப்புப் புள்ளிகள் உதிர்ந்தன. சில புள்ளிகள் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்தன, சில துள்ளிக் குதித்துத் தட்டுக்கு வெளியே போயின. வளர்ந்ததே மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். இதுதான் புகையான். தத்துப்பூச்சி இனம். இது தாக்கிய வயல் புகையடித்துக் கருகியது போல ஆகிவிடும், அதனால்தான் நம் பக்கத்தில் இந்தப் பெயர். அறிவியலில் இதற்கு நீலபர்வதா லூகன்ஸ் என்று பெயர். லூகன்ஸ் என்றால் லத்தீனில் துக்கம் காப்பது என்று பொருள். இந்தப் பூச்சியால் வயலைப் பறிகொடுத்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் புரியும்.

"இலையில ஒண்ணுமே தெரியலையே பெரியப்பா, நான் தினமும்தான் வரப்புல நடக்கிறேன்" என்றான்.

வரப்பிலிருந்து பார்த்தால் தெரியாது. புகையான் இலைக்கு வருவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தூரின் அடியில், வெயில் படாத ஈரத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஊசி போன்ற வாயைத் தண்டுக்குள் செருகி, இலையில் சமைத்த உணவை வேருக்கும் கதிருக்கும் கொண்டுபோகும் குழாயில் சாற்றை உறிஞ்சும். உறிஞ்சுவதோடு போகாது. வாய் செருகிய இடத்தில் அந்தக் குழாய் அடைபட்டும் போகிறது. மேலே சோறு, கீழே பட்டினி. உறிஞ்சிய சாற்றில் வேண்டாத சர்க்கரையைத் தேன்துளியாக வெளியே விடும். அதன் மேல் கரும்பூஞ்சணம் படரும். முதலில் ஓர் இடத்தில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு வட்டம் மஞ்சளாகும், அப்புறம் காயும், அப்புறம் பயிர் சாயும். பக்கத்துப் பயிருக்குப் பூச்சி நகர நகர வட்டமும் விரியும். பால் பிடிக்கும் பருவத்தில் இது வந்தால் பத்து நாளில் ஒரு மா நிலம் வைக்கோலாகிவிடும். அதனால் அவன் பயந்ததில் தப்பே இல்லை.

டீ வந்தது. அவன் தம்ளரைத் தொடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கிருந்து பெரியப்பா வந்துச்சு இவ்வளவும்?"

பறந்துதான் வந்தது. தட்டில் இருந்ததில் ஒன்றைக் காட்டினேன், அதன் இறகு உடம்பைத் தாண்டி நீண்டிருந்தது. இன்னொன்றின் இறகு பாதி முதுகோடு நின்றுவிட்டது. இரண்டும் ஒரே பூச்சிதான். நீண்ட இறகுக்காரி பறந்து வந்து நம் வயலில் இறங்குவாள். பயிர் இளசாக, சாறு நிறைந்து இருந்தால் அவள் பிள்ளைகளில் பெரும்பாலானவை குட்டை இறகோடு பிறக்கும். பறக்கத் தேவை இல்லையே, இருந்து தின்றுகொண்டு முட்டை இட்டால் போதும். கூட்டம் நெருங்கிப் பயிர் காயத் தொடங்கியதும் மறுபடி நீண்ட இறகுக்காரர்கள் தோன்றி அடுத்த வயலைத் தேடிக் கிளம்புவார்கள். ஒரே குடும்பத்தில் இது எப்படி மாறுகிறது என்பதைச் சீன ஆய்வாளர்கள் 2015இல் கண்டுபிடித்தார்கள். இந்தப் பூச்சியின் உடம்பில் இன்சுலினை வாங்கிக்கொள்ளும் வாசல்கள் இரண்டு உண்டு. எது திறக்கிறது, எது அதைத் தடுக்கிறது என்பதை வைத்து இறகின் நீளம் முடிவாகிறது. சர்க்கரை நோய்ப் பேச்சில் நாம் கேட்கும் அதே இன்சுலின் வழி, நெல் வயலில் பூச்சிக்கு இறகு முளைக்கச் செய்கிறது!

எவ்வளவு தூரம் பறக்கும்? 1967 ஜூலையில் ஜப்பானின் வானிலைக் கப்பல் ஒன்று கரைக்குத் தெற்கே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் நின்றிருந்தது. அந்தக் கப்பலின் மேல் தத்துப்பூச்சிகள் மேகமாக வந்து இறங்கின. சுற்றிலும் புல் பூண்டு இல்லாத கடல். அதுவரை இந்தப் பூச்சி குளிர்காலத்தில் ஜப்பானிலேயே எங்கோ ஒளிந்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு விடை கிடைத்தது. அது அங்கே குளிரைத் தாங்காது. ஒவ்வொரு வருஷமும் பருவக்காற்றில் ஏறி, தெற்குச் சீனாவையும் வியட்நாமையும் கடந்து புதிதாக வருகிறது. ஜப்பானில் 1732இல் மேற்குப் பகுதி முழுக்கத் தத்துப்பூச்சியால் விளைச்சல் போய்ப் பெரும் பஞ்சம் வந்தது. அந்தக் காலத்து உழவர்கள் வயல் தண்ணீரில் திமிங்கில எண்ணெயை ஊற்றி, பயிரை அசைத்துப் பூச்சியை எண்ணெயில் விழவைத்துச் சாகடித்தார்கள். பூச்சி தூரின் அடியில்தான் இருக்கிறது என்பதை அவர்கள் எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்கள்!

இனி முட்டைக்கு வருவோம். புகையான் முட்டையை இலை மேல் வைக்காது. இலையுறையைக் கீறி அதன் சதைக்குள் வரிசையாகச் செருகிவிடும். வெளியே ஒரு பழுப்புக் கீறல்தான் தெரியும். ஏழெட்டு நாளில் குஞ்சு பொரிக்கும். ஐந்து முறை சட்டை உரித்து, இரண்டு வாரத்தில் வளர்ந்துவிடும். ஒரு பெண்பூச்சி இருநூறு முட்டைக்கு மேலும் இடும். நூறு பெண் என்று வை. அடுத்த தலைமுறையில் இருபதாயிரம், அதில் பாதி பெண் என்றால் அதற்கு அடுத்ததில் இருபது லட்சம். ஒரு சம்பாவுக்குள் மூன்று தலைமுறை தாராளமாக முடிந்துவிடும்.

அவன் தலையைத் தூக்கினான். "அப்ப ஒரு வயல்லயும் நெல்லு மிஞ்சக் கூடாதே."

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மிஞ்சக் கூடாதுதான். ஆனால் ஊர் முழுக்க நெல் விளைகிறது. அப்படியென்றால் அந்த இருபது லட்சத்தைத் தின்பவர்கள் வயலுக்குள் இருக்கிறார்கள்.

தட்டை அவன் பக்கம் திருப்பினேன். பழுப்புப் புள்ளிகளுக்கு நடுவே இளம்பச்சையாக, தலை மட்டும் கறுத்து, புகையானைவிட ஒல்லியாக ஒன்று விறுவிறு என்று ஓடிக்கொண்டிருந்தது. மிரிட் நாவாய்ப்பூச்சி. இதற்கும் ஊசிவாய்தான், ஆனால் இது நெல்லைக் குத்தாது. இலையுறைக்குள் செருகியிருக்கும் புகையான் முட்டையைத் தேடிக் குத்தி உறிஞ்சும். தட்டின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில், முதுகில் கவை போன்ற கோட்டோடு ஒரு சிலந்தி பதுங்கியிருந்தது. ஓநாய்ச் சிலந்தி என்பார்கள். வலை பின்னாது, தூருக்குத் தூர் ஓடி வேட்டையாடும், தண்ணீர் மேலும் ஓடும். ஒரு நாளைக்குப் பல புகையானைத் தின்றுவிடும். இவை போக, கடுகை விடச் சிறிய நீர்த்தாண்டிகள் தண்ணீர்ப் பரப்பில் கூட்டமாக அலையும். தண்டிலிருந்து தவறி விழும் குஞ்சை நாலைந்தாகச் சேர்ந்து பிடித்துவிடும். அனாக்ரஸ் என்று ஒரு குளவி இருக்கிறது. குளவி என்றதும் கொட்டும் குளவியை நினைக்க வேண்டாம், இது ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. புகையான் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு, அதை உள்ளேயே தின்று முடித்துவிடும்.

"இதையெல்லாம் பூச்சின்னுதான் பெரியப்பா நினைச்சேன்" என்றான். குரல் இறங்கிவிட்டது.

"இதுக்கு முன்னாடி வயலுக்கு என்ன அடிச்ச?"

"நட்டு முப்பதாம் நாள். இலையெல்லாம் சுருண்டு வெள்ளை வெள்ளையா இருந்துச்சு. ஒரு தடவை அடிச்சேன்." பெயரைச் சொன்னான். செயற்கைப் பைரித்திராய்டு வகை. இன்றைய சீட்டில் இருந்த இரண்டில் ஒன்றும் அதே வகைதான்.

அங்கேதான் முடிச்சு இருந்தது. அந்த மருந்து இலைச்சுருட்டுப் புழுவைக் கொன்றிருக்கும், மறுக்கவில்லை. கூடவே சிலந்தியையும் மிரிட்டையும் நீர்த்தாண்டியையும் கொன்றிருக்கும். அவை திறந்த வெளியில் ஓடுபவை, மருந்து முதலில் அவற்றின் மேல்தான் படும். புகையான் முட்டையோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். ஒரு வாரம் கழித்து அது பொரிந்து வெளியே வரும்போது வயலில் அதைத் தின்ன ஆள் இல்லை. புகையான் ஒரு மாதத்துக்குள் வளர்ந்து பெருகிவிடும். சிலந்தி மறுபடி வந்து சேர்ந்து, முட்டை வைத்து, குஞ்சு பெரிதாகி, பழைய எண்ணிக்கைக்கு வர அதைவிட நெடுநாள் ஆகும். அந்த இடைவெளியில்தான் வயல் எரிகிறது.

இது என் ஊகம் இல்லை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1970களின் பிற்பகுதியில் பீட்டர் கென்மோர் என்ற ஆய்வாளர் வயலிலேயே கிடந்து எண்ணினார். மருந்தே அடிக்காத வயல்களில் புகையான் சிலந்திக்கும் மற்றவற்றுக்கும் கட்டுப்பட்டு அடங்கிக் கிடந்தது. அடித்த வயலில் பெருகியது. அதே நிலையத்தில் செல்லையா, ஹைன்ரிக்ஸ் என்ற இருவரும் 1980இல் இன்னொன்றைக் காட்டினார்கள். சில மருந்துகள், அவற்றில் டெல்டாமெத்ரின் ஒன்று, சாகாமல் தப்பிய புகையானைக் கூடுதலாகத் தின்ன வைக்கின்றன, அதிக முட்டையும் இட வைக்கின்றன. காவலைக் கொன்றதும் போதாமல் திருடனுக்கு விருந்தும் வைத்ததாகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்பும் நெல்லுக்குச் செயற்கைப் பைரித்திராய்டு வகைகளையும், மீதைல் பாரத்தியான், குயினால்பாஸ் போன்றவற்றையும் தவிர்க்கச் சொல்கிறது. காரணம் இதுதான்.

எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் இதே மாதிரி ஒரு குத்தைக் கொண்டுவந்தார். நான் வயலுக்குப் போகவில்லை, மேசையில் இருந்தபடியே மருந்து எழுதிக் கொடுத்தேன். அடித்தார். மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தார், மறுபடி எழுதிக் கொடுத்தேன். அறுவடை நேரத்தில் அந்த வழியாகப் போனபோது அவர் வயலில் பாதி கருகிக் கிடந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீங்க சொன்ன மாதிரிதானே செஞ்சேன் சார்" என்று மட்டும் சொன்னார். அந்தக் குடும்பத்தின் ஒரு வருஷச் சாப்பாடு அது. நான் குனிந்து அந்தத் தூரைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்கக்கூடிய பதில் வேறு.

ஒரு நாடே இந்தத் தப்பைச் செய்து திருந்திய கதையும் உண்டு. இந்தோனேசியா 1970களில் நெல்லுக்குப் பூச்சிமருந்தை அரசு மானியத்தில் வாரிக் கொடுத்தது. மருந்து மலிவு, அதனால் கணக்கில்லாமல் அடித்தார்கள். 1984இல் அரிசியில் தன்னிறைவு வந்துவிட்டது என்று கொண்டாடிய கையோடு, 1985, 86இல் ஜாவாவில் புகையான் வயல்களைத் துடைத்துக்கொண்டு போனது. கென்மோரும் அவருடைய கூட்டாளிகளும் வயலில் காட்டிய உண்மை அரசு வரை போனது. 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ ஓர் ஆணை பிறப்பித்து, நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தார். மானியமும் 1989க்குள் நின்றது. மருந்து குறைந்தால் விளைச்சல் விழும் என்று பயந்தார்கள், விழவில்லை. பிறகு உழவர்களையே வயலில் குந்தவைத்து, பூச்சியைப் பார்க்கவும் எண்ணவும் படம் வரையவும் கற்றுக்கொடுக்கும் வயல்வெளிப் பள்ளிகள் அங்கே தொடங்கின. இன்று நம் ஊரில் வேளாண் துறை நடத்தும் உழவர் வயல்வெளிப் பள்ளிக்கு அதுதான் மூலம்.

பையன் தம்ளரைக் கீழே வைத்தான். "அப்ப அந்த முப்பதாம் நாள் நான் என்ன செஞ்சிருக்கணும்? இலை எல்லாம் போயிடுச்சே."

இலை போகவில்லை, கொஞ்சம் வெளுத்தது. நட்ட முதல் நாற்பது நாளில் நெல் தூர் கட்டிக்கொண்டிருக்கும், புது இலை விட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பருவத்தில் சுருட்டுப்புழு தின்ற இலைக்குப் பயிரே ஈடு கட்டிவிடும், கதிரில் குறை தெரியாது. கண்ணுக்குத்தான் பெரிய சேதமாகத் தெரிகிறது. மேகாங் படுகையில் கே. எல். ஹியாங் என்ற பூச்சியியலாளர் வியட்நாம் உழவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்: உங்கள் வயலில் ஒரு மூலையை ஒதுக்கி, அங்கே மட்டும் முதல் நாற்பது நாள் மருந்து அடிக்காமல் பாருங்கள். உபதேசம் எதுவும் செய்யவில்லை. அறுவடையில் அவர்களே அந்த மூலையையும் மீதி வயலையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார்கள், அடிப்பதைக் குறைத்தார்கள்.

முதல் நாற்பது நாளைச் சும்மா விடுவதில் இன்னொரு அருமை இருக்கிறது. எனக்கு இந்த விஷயம் மிகவும் பிடிக்கும், கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். நட்ட புதிதில் வயலில் புகையான் இருக்காது. அப்படியானால் சிலந்தி எதைத் தின்று உயிர் வாழும்? ஜாவாவில் செய்து 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு விடை சொன்னது. சேற்றில் மட்கும் தாளையும் தழையையும் தின்று கோடிக்கணக்கில் நுண்ணிய உயிர்கள் பிறக்கின்றன. கொசு போன்ற சிறு ஈக்கள், துள்ளுப்பூச்சிகள். இவற்றால் பயிருக்குச் சேதமில்லை. சிலந்தியும் நீர்த்தாண்டியும் இவற்றைத் தின்று கொழுத்து, முட்டை வைத்துப் பெருகி, புகையான் வந்து இறங்கும்போது தயாராக நிற்கின்றன. விருந்தாளி வருமுன் வீட்டில் ஆள் நிறைந்திருப்பது போல. நம் பெரியவர்கள் நடவுக்கு முன் தக்கைப்பூண்டும் சணப்பும் மடக்கி உழுதார்களே, கொளுஞ்சித் தழை போட்டு மிதித்தார்களே, அது பயிருக்கு மட்டும் உரம் இல்லை, சிலந்திக்கும் சோறு. மட்கில்லாத சேற்றில் யூரியாவை மட்டும் போட்டு, முப்பதாம் நாள் மருந்தும் அடித்தால் இந்தச் சங்கிலி தொடங்கும் இடத்திலேயே அறுந்துவிடும்.

யூரியா என்றதும் அவன் கொஞ்சம் நெளிந்தான். பக்கத்து வயல் கரும்பச்சையாக இருக்கிறதே என்று ஒரு மூட்டை கூடுதலாக வீசியிருக்கிறான். தழைச்சத்து மிகுந்த பயிரின் சாறு புகையானுக்குப் பால்சோறு மாதிரி, முட்டையும் கூடும், குஞ்சும் அதிகம் பிழைக்கும். போதாததற்கு இலை அடர்ந்து அடித்தூரில் காற்றும் வெயிலும் போகாது. இனி இந்தப் பயிருக்கு யூரியா வேண்டாம் என்றேன். அடுத்த தடவை பிரித்துப் பிரித்துப் போடலாம், நடும்போதே எட்டடிக்கு ஓரடி பட்டம் விடலாம். பட்டம் விட்டால் நடவு குறைகிறதே என்று வயிறெரிய வேண்டாம். அந்த ஓரடி வழியாகத்தான் வெயில் அடித்தூருக்கு இறங்கும், நீயும் பயிரை மிதிக்காமல் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

"சரி பெரியப்பா, இப்ப அடிக்கணுமா வேண்டாமா?"

எண்ணினால்தான் தெரியும். பல்கலைக்கழகம் ஓர் எல்லை வைத்திருக்கிறது, அதைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் இருந்தாலே மருந்து வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார். வயலுக்குள் குறுக்காக நடந்து பத்துக் குத்தைப் பார்க்கிறாய். குத்துக்கு இருபது தூர் என்றால் மொத்தம் 200 தூர். புகையான் 260 இருந்தது என்று வை, தூருக்கு 1.3 ஆகிறது. சிலந்தி ஒன்றும் கண்ணில் படவில்லை என்றால் எல்லை 200, தாண்டிவிட்டது, அடிக்க வேண்டும். அதே பத்துக் குத்தில் பத்துச் சிலந்தி இருந்தால் எல்லை 400. இன்னும் இடம் இருக்கிறது, மூன்று நாள் விட்டு மறுபடி எண்ணலாம். பூச்சி அதே 260தான். அடிப்பதா வேண்டாமா என்று சொல்வது சிலந்தி.

எல்லை தாண்டினாலும் முதல் வேலை தண்ணீரை வடிப்பது. இந்த மழையில் வடிகாலைத் திறந்து மூன்று நான்கு நாள் சேறு காயவிட முடிந்தால், அடித்தூரின் ஈரம் போய்ப் புகையான் தவிக்கும். நம் ஆட்கள் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும் இங்கே பூச்சிக்கும் மருந்து. வேப்பங்கொட்டைச் சாறு ஐந்து சதம், அதாவது நூறு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிலோ பருப்பு இடித்து ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து அடிக்கலாம். இது சிலந்தியை அதிகம் துன்புறுத்தாது. அதற்கும் அடங்காமல் ரசாயனம்தான் என்று ஆகிவிட்டால், புகையானுக்கு என்று உள்ளதை வாங்க வேண்டும். புப்ரோபெசின் குஞ்சு சட்டை உரிப்பதைத் தடுக்கும், வளர்ந்த பூச்சியைக் கொல்லாது, ஆனால் சிலந்தியையும் மிரிட்டையும் பெரும்பாலும் விட்டுவைக்கும். பைமெட்ரோசின் பூச்சியை உறிஞ்ச விடாமல் செய்து பட்டினியில் கொல்லும். எதை அடித்தாலும் தண்ணீரை வடித்துவிட்டு, பயிரை விலக்கி, தூர் நனையும்படி அடிக்க வேண்டும். மேலே இலையில் தூவிவிட்டு வந்தால் காசும் மருந்தும்தான் போகும். வட்டம் விழுந்த இடத்தையும் அதைச் சுற்றி நாலைந்து முழத்தையும் அடித்தால் போதுமா என்று எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யலாம், மூன்று ஏக்கரும் அடிக்க வேண்டியதில்லை.

இரண்டு மருந்தைக் கலந்து அடிப்பது வேண்டவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஒரே மருந்தை வருஷக்கணக்கில் அடிப்பதும் அப்படித்தான். இமிடாகுளோபிரிட் 1990களில் வந்தபோது புகையானுக்கு இனி முடிவு என்றார்கள். ஆசியா முழுக்க அதையே அடித்தார்கள். பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் அந்த மருந்தைச் செரித்துவிடும் புகையான் பெருகிவிட்டது. 2005இல் சீனாவில் பெரிய அளவில் தாக்கியபோது பழைய அளவு மருந்துக்கு அது சாகவில்லை.

"எதிர்ப்பு ரகம்னு சொல்றாங்களே, அது?"

உண்டு, நல்ல வழிதான். அவன் போட்டிருப்பது பி.பி.டி. 5204. சோறு அருமை, புகையானுக்கும் அது அருமை. எதிர்ப்பு ரகங்களின் கதையில் நம் மண்ணுக்குப் பங்கு உண்டு. திருவள்ளூர்ப் பக்கம் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டி.கே.எம். 6 என்ற ரகத்தைச் சேர்த்துத்தான் 1973இல் ஐ.ஆர். 26 வந்தது. டி.கே.எம். 6 தானே புகையானுக்குத் தாங்காது, ஆனால் அதன் பிள்ளை தாங்கியது. எதிர்ப்பு மரபணு அதற்குள் இருந்தது, இன்னொரு மரபணு அதை அமுக்கி வைத்திருந்தது, கலப்பில் அந்த அமுக்கல் விலகிவிட்டது. அந்த ஐ.ஆர். 26 ஆசியாவில் பரந்து பரவிய இரண்டு மூன்று வருஷத்திலேயே அதைத் தின்னத் தெரிந்த புகையான் வந்துவிட்டது. இலங்கையின் பழைய ரகமான ரத்து ஹீனட்டியும் நம் பக்கத்துப் பட்டாம்பியின் பி.டி.பி. 33உம் பல வருஷம் தாங்கி நின்றவை, இன்றும் புது ரகம் கட்டுபவர்கள் அவற்றிடம்தான் போகிறார்கள். ரகம் நமக்குக் கொஞ்சம் காலம் வாங்கிக் கொடுக்கும். அந்தக் காலத்திலும் வயலில் சிலந்தி இருந்தால்தான் ரகமும் நீடிக்கும்.

வெயில் ஏறத் தொடங்கியது. அவன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். எறியவில்லை, பின்பக்கத்துக் கணக்கு வேண்டும் என்றான்.

வரப்பில் நடக்கும்போது அடுத்த வருஷத்தைப் பற்றிக் கேட்டான். வரப்பில் எள்ளும் தட்டைப்பயறும் போடு என்றேன். பூவின் தேனைக் குடித்துத்தான் அந்தக் கண்ணுக்குத் தெரியாத அனாக்ரஸ் குளவி நாலு நாள் அதிகம் வாழும், மிரிட்டும் கூடும். தாய்லாந்து, சீனா, வியட்நாம் மூன்று நாட்டு நெல் வயல்களில் வரப்பில் பூச்செடி வைத்துப் பார்த்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. மருந்து அடிப்பது 70 சதம் குறைந்தது, விளைச்சல் 5 சதம் கூடியது. எள் அவர்கள் நம்பிப் போட்ட செடிகளில் ஒன்று. வரப்பில் உளுந்து போடுவது நம் படுகையில் புதிதும் இல்லை, அவன் தாத்தா போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் குத்தின் முன் அவனைக் குந்தச் சொன்னேன். பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு சேற்றில் குந்தினான். இலையை இரண்டு கையாலும் விலக்கி, அடியைப் பார்த்து, தண்டை மெதுவாகத் தட்டினான். பழுப்புக் குஞ்சுகள் தண்ணீரில் விழுந்தன. நீர்த்தாண்டி இரண்டு விரைந்து வந்தன. உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தான்.

"பதினேழு பெரியப்பா. இருங்க, இந்தப் பக்கம் ரெண்டு. பத்தொன்பது." கொஞ்ச நேரம் பேசவில்லை. தலையைச் சாய்த்து, நீர் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனான். "சிலந்தி ஒண்ணு இருக்கு. பின்பக்கம் வெள்ளையா ஒரு பை மாதிரி என்னமோ இழுத்துக்கிட்டு இருக்கு."

"முட்டைப் பைதான் தம்பி. பொரிச்சதும் குஞ்சையெல்லாம் முதுகுல ஏத்திக்கிட்டுத் திரியும். எண்ணிட்டியா? அடுத்த குத்துக்குப் போ."